ஆபீஸுக்குப் போன பிள்ளை

கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள். சுருக்கமாக ஆபீஸ். திருச்சியிலிருந்து பெண் பார்க்க வந்த வசந்தகோகிலத்துக்கு இது தெரியாது. "பிள்ளை பத்து வருசமா ஆபீஸுக்குப் போய்க்கிட்டிருக்கு" என்று இடைசெவலில் பெண் வீட்டார் சொன்னதும், மின்விசிறிக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் மருமகள் அவள் கண்ணில் தெரிந்தாள். யாரும் பொய் சொல்லவில்லை. அவளும் விசாரிக்கவில்லை. கோவில்பட்டியில் வங்கி வேலையில் இருந்த மகனுக்கு முத்துசெல்வியைக் கட்டிவைத்து, தானும் கூடவே தங்கிக்கொண்டாள்.

கல்யாணமான மூன்றாம் மாதம், 2001இல், மகனுக்குப் பிறந்தநாள் வந்தது. புது ஓவனில் வைக்க முத்துசெல்வி கேக்குக்கு மாவு கலக்கினாள். பேரீச்சம்பழத்தைக் குச்சி குச்சியாக நறுக்கி, மாவின்மேல் வரிசையாக அடுக்கினாள். கண் வேறெங்கோ இருந்தது. விரல்கள் தாமாக ஓடின. ஒரு வரிசைகூடக் கோணவில்லை.

பக்கத்து வீட்டு ராதாமணி வாயைப் பிளந்தாள். மெச்சித்தான் சொன்னாள்.

"ஆபீஸ்ல குச்சி அடுக்குன கைல்லா! அதான் இம்புட்டு நேர்த்தி."

"என்ன குச்சி?" என்றாள் வசந்தகோகிலம்.

"தீக்குச்சிதான்க்கா."

வசந்தகோகிலம் கேக் வேகும்வரை பொறுத்திருந்தாள். மகன் வெட்டி, ஒரு துண்டை வாயில் போட்டதும், வந்தவர்கள் எல்லார் முன்னாலும் மருமகளிடம் கேட்டாள்:

"அடுக்கினது சரி. மருந்துல முக்கினியா? உரசினா பத்திக்குமா?"

முத்துசெல்வி புருஷனைப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் பல்லிடுக்கில் பேரீச்சம்பழம் ஒட்டியிருந்தது.