வெள்ளச்சி மேல் என் பேத்தி ஏறிய ஞாயிற்றுக்கிழமை

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி, மைக் கட்டிய ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். மடியில் ஒரு கட்டு நோட்டீஸ். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் குதிரைப் படம் போட்டிருந்ததால் கவலை இல்லை. குதிரையின் கால் கீழே இருந்தால் நோட்டீஸை நேராகப் பிடித்திருக்கிறேன் என்று அர்த்தம். "வருகிற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வாருங்கள், குதிரைகளைப் பாருங்கள், அனுமதி இலவசம்" என்று தலைக்கு மேல் குழாய் கத்திக்கொண்டு வந்தது. திடீரென்று, "முதல் சவாரி செய்யப்போவது உங்கள் ஊர்ச் சிறுமி" என்று சொல்லி ஒரு பேரும் சொன்னது. பள்ளிக்கூடத்துப் பேர். வீட்டில் நாங்கள் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். அதனால் அது என் பேத்தி என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் ஆட்டோக்காரன் தோளைத் தட்டினேன்.

"ஏம்ப்பா, நிறுத்து! எம் பேத்தி பேரு எதுக்கு இதுல வருது?"

"எனக்கு இன்னா தெரியும் ஆயா? மேடம் பேசி ரெக்கார்டு பண்ணிக் குடுத்தாங்க, நான் போட்டுக்கினு வர்றேன். ஊருக்கே உம் பேத்தி பேரு கேக்குது. சந்தோஷப்படாம பேஜாரு பண்றியே!" என்றான் ஆட்டோக்காரன்.

மேடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்து, திண்டிவனம் போகிற ரோட்டில் சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, குதிரை ஏறக் கற்றுக்கொடுக்கிற லாயம் போட்டிருந்தார்கள். நான் அங்கே சாணி அள்ளி, தண்ணீர் காட்டி, புல் போடுகிற வேலை பார்த்தேன். குதிரை என்றால் உள்ளுக்குள் நடுக்கம்தான். குதிரை நிற்கிற இடத்துக் குறுக்குக் கட்டையைத் தாண்டி உள்ளே போகமாட்டேன், மண்வெட்டியை மட்டும் உள்ளே நீட்டி இழுத்துக்கொள்வேன். மேடம் சிரிப்பார்கள். உயரமான ஆள், குட்டையாக வெட்டிய முடி, வேகமான நடை. அந்த நடைக்கு ஈடுகொடுக்க முடியாமல் நான் பின்னால் ஓடுவேன். ஓடிக்கொண்டே பேசுவேன், அவர்களும் திரும்பாமலே "ம், சொல்லுங்க ஆயா" என்பார்கள். எனக்கு அது பிடிக்கும். என் வீட்டில் அவ்வளவு நேரம் யாரும் என் பேச்சைக் கேட்டதில்லை.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் யாரும் சேரவில்லை என்பதுதான் மேடத்துக்குக் குறை. காரில் வருகிறவர்கள் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்பா அம்மாவுக்குப் பயம் போனால்தான் பிள்ளை வரும் என்று யோசித்து, குடும்ப நாள் என்று ஒன்று வைத்தார்கள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பேனர் கட்டினார்கள், போனில் வீடியோ அனுப்பினார்கள், பள்ளிக்கூட வாசலில் நோட்டீஸ் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் நான் கூடப்போனேன், எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. என் வீட்டுப் பிள்ளையைத்தான் முதலில் ஏற்றப்போகிறார்கள் என்பதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை.

என் பயத்துக்குக் காரணம் உண்டு. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது திண்டிவனம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டிகள் நிற்கும். என் தம்பி ஒரு குதிரைக்குப் பின்னால் உட்கார்ந்து கோலி பொறுக்கினான். அது உதைத்த சத்தம், தேங்காய் உடைக்கிற சத்தம் மாதிரிதான் கேட்டது. பிழைத்துக்கொண்டான், ஆனால் கடைசிவரை ஒரு காலை இழுத்துக்கொண்டுதான் நடந்தான். அவன் கல்யாணத்தில் பெண் வீட்டார் அந்தக் காலைப் பற்றிப் பேசியது வேறு கதை, அதைச் சொன்னால் இன்றைக்கு முடியாது.

ஆட்டோவை விட்டு இறங்கி நேரே லாயத்துக்குப் போனேன். மேடத்தோடு என் மருமகளும் நின்றுகொண்டிருந்தாள்.

"யாரக் கேட்டு எம் பேத்திய குதிரை மேல ஏத்துறீங்க?"

"உங்க மருமகளக் கேட்டேன் ஆயா. குட்டிக்குதான் முதல்ல ஆசை" என்றார்கள் மேடம்.

"நான்தான் சரின்னேன் அத்தே. தெனம் சாணி அள்ளிட்டு வந்து அந்தக் குதிரை இப்பிடி, இந்தக் குதிரை அப்பிடின்னு அளந்து வுட்டது நீங்கதான. புள்ளைக்கு ஆசை வராம இன்னா வரும்?" என்றாள் மருமகள்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சாணி அள்ளப் போனேன். 

ஞாயிற்றுக்கிழமை காலையில் கும்பல் என்றால் அப்படி ஒரு கும்பல். டி.வி.எஸ்ஸில் நான்கு பேராக, ஷேர் ஆட்டோவில், குட்டியானை லோடு வண்டியில் நின்றுகொண்டு என்று வந்து இறங்கினார்கள். வேகவைத்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, விற்கிறவள்கூடக் கூடையோடு வந்துவிட்டாள். மேடத்தின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஆனால் வந்த பெண்கள் கையில் பூமாலை இருந்தது, எலுமிச்சம்பழம் இருந்தது. ஒருத்தி தாம்பாளத்தில் தேங்காயும் கற்பூரமும் வைத்திருந்தாள். எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆட்டோக்காரனைப் பிடித்துக் கேட்டேன்.

"இன்னா ஆயா பண்றது? வல்லம் பக்கம் போனா குதிரைப் பயிற்சின்னு சொன்னதுக்கு ஒரு நாய்கூடத் திரும்பல. ரெக்கார்ட நிறுத்திட்டு நானே மைக்கப் புடிச்சேன். எல்லைச்சாமி குதிரை மாதிரி வெள்ளக் குதிரை, உசுரோட கீது, வந்து தொட்டுக் கும்புட்டுப் போங்கன்னேன். பாரு கூட்டத்த!"

எங்கள் பக்கத்தில் ஊர் எல்லையில் ஐயனார் கோயிலில் மண்குதிரை வைத்திருப்போம். வேண்டுதலுக்குப் புதுக்குதிரை செய்து வைப்போம். உயிருள்ள வெள்ளைக் குதிரையைப் பார்த்தால் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. மேடத்திடம் சொல்ல ஓடினேன். அதற்குள் குட்டியை வெள்ளச்சி என்ற அந்த வெள்ளைக் குதிரை மேல் ஏற்றிவிட்டார்கள். தலையில் ஹெல்மெட், முகம் பொட்டுப் போல. மேடம் கயிற்றைப் பிடித்திருந்தார்கள்.

குதிரை இரண்டு எட்டு வைத்திருக்கும். கூட்டம் வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. தாம்பாளக்காரி கற்பூரத்தைக் கொளுத்தி வெள்ளச்சி முகத்துக்கு நேரே காட்டினாள். பக்கத்தில் யாரோ தேங்காயைத் தரையில் அடித்தார்கள். அந்தச் சத்தம்! ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே சத்தம். வெள்ளச்சியின் காது பின்னால் படிந்தது, கண்ணில் வெள்ளை தெரிந்தது, முன்கால் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பி இறங்கியது. குட்டி பிடரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். அந்த நேரம் பார்த்துத் தாம்பாளக்காரி மேல் சாமி வந்துவிட்டது. தட்டு ஒரு பக்கம் போக, தலை முடி அவிழ, குதிரைக்கு முன்னால் நின்று ஆட ஆரம்பித்தாள்.

அதுவரை கட்டைக்கு உள்ளே கால் வைக்காத நான் எப்படி உள்ளே போனேன் என்று தெரியாது. குட்டியின் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "எறக்குங்க! புள்ளைய எறக்குங்க!" என்று கத்தினேன். மேடம் துப்பட்டாவை உருவி வெள்ளச்சியின் கண்மேல் போட்டார்கள். சத்தம் போடாமல், "ஆயா, இப்ப இறக்கினா துள்ளும்" என்றார்கள்.

"சாமியக் கேளுங்க மேடம்! கேக்காங்காட்டி அது போவாது!" என்று தூரத்திலிருந்து ஆட்டோக்காரன் கத்தினான்.

மேடத்துக்கு இதெல்லாம் பழக்கமில்லை. ஆனாலும் ஒரு கையில் கயிறு, ஒரு கையை நெஞ்சில் வைத்து, பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் லீவு கேட்கிற மாதிரி, "சாமி, குதிரை பயப்படுது. குழந்தை மேல இருக்கு. கொஞ்சம் வழி விடுங்க" என்றார்கள்.

ஆட்டம் நின்றது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, ஆண்குரலில், "புள்ளைய எறக்காத! நான் முன்னால போறேன், நீ பின்னால வா!" என்று சொல்லித் திரும்பி நடந்தாள்.

சாமி சொன்ன பிறகு யார் மறுப்பது? கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டாகப் பிரிந்தது. முன்னால் முடி அவிழ்ந்த சாமி, பின்னால் மேடம், அதற்குப் பின்னால் கண்ணை மூடிய வெள்ளச்சி, அதன் விலாப்பக்கம் ஒட்டிக்கொண்டு நான். குதிரையின் வயிறு என் தோளில் உரசியது, சூடாக இருந்தது. ஒவ்வொரு குளம்பு வைக்கும்போதும் இதோ உதைக்கப்போகிறது, இதோ உதைக்கப்போகிறது என்றே நடந்தேன். பாதி வட்டம் வந்தபோது மேலேயிருந்து மெதுவாக ஒரு குரல்:

"ஆயா, காலை வுடு. வலிக்குது."

விட்டேன். விட்டதும் கீழே விழுந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வட்டம் முடிந்ததும் சாமி ஆடிய பெண் தரையில் சரிந்தாள். மருமகள் தண்ணீர் தெளிக்க, எழுந்து உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, "எம் பையனையும் ஒரு ரவுண்டு ஏத்துவாங்களா?" என்று கேட்டாள். சாமியே கூட நடந்துவிட்டது, இனி எவனுக்குப் பயம்? பிள்ளைகள் வரிசை வேலிவரைக்கும் போயிற்று.

மேடத்தைத் தேடினேன். வைக்கோல் போருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் சொம்பைக் கொடுத்தேன். வாங்கி, குடிக்காமல் அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள்.

"உங்களுக்கே பயமா மேடம்?"

"உங்களவிட அதிகம் ஆயா. ஆனா கயித்த இறுக்கிப் பிடிச்சா என் பயம் கயித்து வழியா குதிரைக்குப் போயிடும். அதான் லூசா பிடிச்சிருந்தேன். குழந்தை விழுந்திருந்தா உங்க முகத்துல எப்படி முழிப்பேன்னு நெனச்சுக்கிட்டே நடந்தேன்" என்றார்கள். அதுவரை அந்த அம்மாளுக்குப் பயம் என்று ஒன்று இருக்கும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். 

மேடம் இப்போது இங்கே இல்லை. உடம்புக்கு முடியாமல் மகளோடு வெளியூர் போய்விட்டார்கள், லாயத்தை வேறொருவர் பார்க்கிறார். எப்போதாவது போன் வரும். முதலில் குட்டியைக் கேட்பார்கள், அப்புறம் வெள்ளச்சியை, கடைசியாக என்னை. குட்டி இப்போது கயிறு இல்லாமல், யாரும் முன்னால் நடக்காமல், ஓட்டத்திலேயே குதிரையைத் திருப்புகிறாள். நான் வேலி ஓரமாக நின்று பார்ப்பேன். மேடம் சொன்னதை நினைத்து விரல்களைத் தளர்த்தி வைத்துக்கொள்வேன். குதிரை வேகம் எடுத்ததும் அவை தானாக மூடிக்கொள்கின்றன. அவள் வந்து இறங்குகிற வரைக்கும் திறப்பதில்லை.