மூக்குக்குத் தப்பிய போத்தல்

சமையலறை மேசையில் ஒரு லீற்றர் போத்தல் நிற்கிறது. மண்ணிறக் கண்ணாடி, கம்பியில் தொங்கும் வெள்ளைப் பீங்கான் மூடி, மூடியின் அடியில் சிவப்பு இறப்பர் வளையம். இன்று ஞாயிற்றுக்கிழமை, மாமா மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார். வாரம் முழுவதும் ஆய்வுகூடத்தில் மாறி மாறி வேலை செய்த களைப்பு இன்னும் உடம்பில் இருக்கிறது. ஆனாலும் காலையில் எழுந்ததும் அந்தப் போத்தலை மூன்று தடவை கழுவி, காயவைத்து, மணந்து பார்த்தேன். ஒன்றும் மணக்கவில்லை. அன்றும் இப்படித்தான் ஒன்றும் மணக்கவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. அப்போது சுவிற்சர்லாந்தின் எம்மன்புரூக்கேயில் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். அடுத்த தெருவில், பழைய தொழிற்சாலையொன்றின் கீழ்த்தளத்தில், சொந்தமாகக் காய்ச்சிய பியரை விற்கும் சிறிய கடையில் அவருக்கு வேலை. அங்கே போத்தலுடன் பியர் வாங்குவது குறைவு. ஆட்கள் தங்கள் வெறும் போத்தலைக் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டு போவார்கள். போத்தலை வாங்கி மணந்து பார்ப்பதும், கழுவுவதும், நீண்ட எவர்சில்வர் குழாயை அடிவரை இறக்கி நிரப்புவதும் மாமாவின் பொறுப்பு. வீட்டில் போத்தலுக்குள் யார் எதை ஊற்றி வைத்தார்கள் என்பதை அவருடைய மூக்கு கண்டுபிடித்துவிடும். "இது வினாகிரி. இதுக்குள்ள ஆரோ பெற்றோல் விட்டிருக்கினம். இது மேல்வீட்டுக் கிழவன்ர மீன்சூப்" என்று பிரித்து வைப்பார். அவர் ஒரு துளியும் குடிப்பதில்லை. கோயிலில் யாராவது, "பியர்க்கடைக்காரர் வாறார், வாயை ஊதச் சொல்லுங்கோ" என்று சீண்டினால், "ஊதினா நீங்கள் தந்த மோதகம்தான் மணக்கும்" என்பார்.

அவரிடம் அப்போது இருந்தது தற்காலிக வதிவிட அனுமதி. நிரந்தரமாக்க விண்ணப்பிப்பதற்குத் தேவையான தாள்களை ஒரு நீல உறைக்குள் சேர்த்துக்கொண்டிருந்தார். அதில் இல்லாதது ஒன்றுதான்: நம்பிக்கையான வேலையாள் என்று கடை முதலாளி எழுதித் தரும் கடிதம். இலையுதிர்காலத்தில் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

அந்தக் கோடையில் நான் ஆய்வுகூடத் தொழிற்பயிற்சியின் தகுதிகாண் காலத்தை முடித்தேன். அப்படி முடித்தவர் வெள்ளிக்கிழமை மாலை கூட வேலை செய்பவர்களுக்குக் குடிக்கக் கொடுப்பது இங்கே வழக்கம். என்ன கொண்டுபோவது என்று பட்டியல் போட்டேன். மாமாவின் கடை பியர் முதல் வரியில் இருந்தது. போத்தலுக்காக அம்மாவின் அலுமாரியைத் திறந்தேன். மாமா எப்போதோ கொண்டுவந்த போத்தல்களில் அம்மா நல்லெண்ணெய் ஊற்றி வைப்பார். அதில் ஒன்று வெறுமையாக இருந்தது. சுடுநீர், சோப்பு, மறுபடி சுடுநீர், கவிழ்த்துக் காயவைத்தல்; ஒவ்வொன்றையும் செய்து சரி போட்டேன். மணந்தும் பார்த்தேன். வியாழக்கிழமை கடையில் மாமாவும் மணந்து பார்த்தார். "சுத்தம். ஆய்வுகூடத்தில படிக்கிற பிள்ளை எண்டால் சும்மாவே?" என்று, ஒரு அலசு அலசிவிட்டு நிரப்பித் தந்தார். என் போத்தலுக்குப் பிறகு அதே குழாயால், ஊர்த் தீயணைப்புப் படையின் விருந்துக்கு நாற்பது போத்தல் நிரப்பினார்.

வெள்ளி மாலை என் பியரில் நுரை நிற்கவில்லை. ஊற்றியவுடன் அடங்கிப்போனது. "அப்பிள் சாறா கொண்டுவந்தாய்?" என்று ஒருவர் கேட்க எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நான் படிக்கிற படிப்புக்கு அது போதுமான விடையாக இருந்தது. எண்ணெய்ப் பூச்சு மெல்லியதாக இருந்தாலும் நுரையைக் கொன்றுவிடும். எங்கள் வீட்டில் தோசைக்கல்லிலும் தலைமயிரிலும் சுவரிலும் இருக்கும் நல்லெண்ணெயின் மணம் அது. எனக்கும் மாமாவுக்கும் அது ஒரு மணமே அல்ல.

சனி காலை அதைச் சொல்லத்தான் கடைக்குப் போனேன். வெறும் போத்தல் என் பையில் இருந்தது. முதலாளி எனக்கு முன்னரே வந்திருந்தார். நுரை நிற்கவில்லை என்று தீயணைப்புப் படையினர் திருப்பியனுப்பிய போத்தல்கள் மேசையில் வரிசையாக நின்றன. முதலாளி குழாயை மூக்கருகே பிடித்து, ஒரு நொடியில், "எள்" என்றார். யாருடைய போத்தல் என்று மாமாவிடம் கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். பிறகு என் பையைப் பார்த்தார். பிறகு தெரியாது என்றும், மணந்து பார்த்ததில் பிழை தன்னுடையது என்றும் ஜெர்மனில் சொன்னார்.

அப்போது நான் வாய் திறந்தேன். வந்ததோ வேறு கதை. "மத்தியானம் சாப்பிட வாறீங்களோ எண்டு அம்மா கேட்டவ."

"வாறன் எண்டு சொல்லு" என்றார் மாமா.

அதன்பின் குழாய் வேலை அவரிடமிருந்து வேறொருவர் கைக்குப் போனது. மாமா போத்தல் பெட்டிகளைத் தூக்கினார். இலையுதிர்காலம் வந்தது, கடிதம் வரவில்லை. பனிக்காலத்தில் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறைக்குப் போய்விட்டார். வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, காலை நீட்டியபடி சோபாவிலேயே உறங்குவார். அங்கிருந்து கடிதம் பெற்று அனுமதி கிடைக்க மூன்று ஆண்டுகள் சென்றன. அந்த மூன்று ஆண்டுகளில் அவருடைய தாயார், என் அம்மம்மா, ஊரில் இறந்தார். தற்காலிக அனுமதியோடு அவரால் போக முடியவில்லை. அம்மா மட்டும் போய் வந்தார்.

போன சனிக்கிழமை, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தக் கடைக்குப் போனேன். முதலாளிக்கு நரைத்துவிட்டது. இந்தப் போத்தலை அவர் முன் வைத்து, அன்றைய போத்தல் என்னுடையது என்று சொன்னேன். அவர் சொன்னார்: "கடிதம் எழுதியே வைத்திருந்தேன். கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை."

இன்று சாப்பிட்டு முடித்ததும் அதை மாமாவிடம் சொன்னேன். அவர் கறித்தட்டை ஒதுக்கினார்.

"எழுதியிருப்பார் எண்டு தெரியும், பிள்ளை. நல்ல மனிசன். கேக்கப் போனா திரும்பவும் ஆரின்ர போத்தல் எண்டு கேப்பார். நம்பிக்கையான ஆள் எண்டு எழுதின கடிதத்தைப் பொய் சொல்லி வாங்கேலாதுதானே."

"என்ர பேரைச் சொல்லியிருக்கலாமே மாமா."

"நீயே சொல்லேல்ல. நான் எப்பிடிச் சொல்லுறது?"

அதில் கோபம் இல்லை, களைப்பு மட்டும் இருந்தது. பிறகு பழக்கதோஷத்தில் மேசையில் நின்ற போத்தலை எடுத்து, பீங்கான் மூடியைத் தட்டித் திறந்து, மூக்கருகே கொண்டுபோனார்.

"எனக்கு ஒண்டும் மணக்கேல்ல" என்றார்.

"எனக்கும்தான்."

"அப்ப பக்கத்துவீட்டு வெள்ளைக்காரியிட்டக் கொண்டுபோய்க் குடு. அவ சொல்லட்டும்."

சிரித்தார். நான் போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே போய், பக்கத்துவீட்டு மணியை அழுத்தினேன்.