கடலுக்கு முதுகு காட்டுபவர்

கடலுக்கு முதுகைக் காட்டி நின்றபடி கடற்கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கையில் சொந்தக் குடை, தோளில் சொந்தத் தண்ணீர் பாட்டில், காலில் இறுக்கிக் கட்டிய ஷூ. வெயில் மண்டையைப் பிளக்கிறது. பின்னால் நீலமும் பச்சையுமாகக் கடல் என்னென்னவோ வித்தை காட்டுகிறது. திரும்பமாட்டார். "கடல் ஏமாத்தாது சார்," என்கிறார். "கரையில நிக்கிறவன்தான் ஏமாத்துவான்."

சுற்றுலா அலுவலகத்தில் அவருடைய மேசை சின்னது, வேலை பெரியது. காலையில் ஸ்கூட்டரில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் சுற்றி வந்துவிடக்கூடிய குட்டித் தீவு இது. இதில் எந்தக் கரை நல்ல கரை என்று வருஷத்துக்கு ஒருமுறை நட்சத்திரம் போடுகிறவர் அவர். அதனால் ஊரில் அவருக்கு 'ஸ்டார்' என்று பெயர். முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது கிண்டல் என்று உடனே விளங்கிவிடும். முதலிடம் பிடிக்கிற கரையில் அந்த சீசன் முழுக்கப் பயணிகள் படகு நிற்கும். படகு நின்றால் அங்கே கடை வைத்திருப்பவன் பிழைத்தான். நிற்காவிட்டால் அவனே படகேறி வேறு பிழைப்பைத் தேட வேண்டியதுதான்.

ஆகவே ஸ்டார் வருகிறார் என்றால் கரைகள் சிங்காரித்துக்கொள்ளும். போன வருஷம் ஒரு ஹோட்டல்காரர் லாரியில் வெள்ளை மணல் கொண்டுவந்து கொட்டினார். ஸ்டார் ஷூ நுனியால் ஒரு சாண் கிளறி, அடியில் கிடந்த பழைய மணலை நலம் விசாரித்துவிட்டு வந்தார். இன்னொரு கரையில் பச்சைத் தொப்பி போட்ட அம்மாள் ஒருவர் சாய்வு நாற்காலியில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த கரையிலும் அதே அம்மாள், அதே தொப்பி. "அதுகூடப் பரவாயில்ல சார். புத்தகத்துல அதே பக்கம். அதான் மனசு கேக்கல." கைகோத்துச் சிரித்துக்கொண்டே நடந்த ஒரு தம்பதியைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டார். "நெஜப் புருஷன் பொண்டாட்டி இவ்வளவு நேரமா சிரிப்பாங்க?"

யாரிடமும் ஒரு வாய் தண்ணீர் வாங்கமாட்டார். அடுத்தவர் நிழலில் ஒதுங்கமாட்டார். ஷூவைக் கழற்றவே மாட்டார். கால் நனைந்தால் புத்தியும் நனைந்துவிடும் என்பது அவர் கட்சி. கல்யாணமான புதிதில் மனைவியோடு கடற்கரைக்குப் போனபோதும் முடிச்சை அவிழ்க்கவில்லையாம். அன்றைக்கு வேலை நாள்கூட இல்லை.

இவ்வளவு நேர்மையான ஆளைப் பார்த்தால் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் உதறும். எதையோ மூடி வைக்காமல் ஒரு மனிதர் இப்படி இருக்க முடியுமா? அவரைப் பற்றி எழுதலாம் என்று சில நாள் அவருடைய ஸ்கூட்டரின் பின்சீட்டில் தொற்றிக்கொண்டு அலைந்ததில் அது பிடிபட்டது. எல்லாக் கரைக்கும் போனோம். மேற்குக் கரைக்கு மட்டும் "நாளைக்குப் பாக்கலாம்" என்றே சொல்லிவந்தார். அங்கே டீக்கடை வைத்திருப்பது அவருடைய மச்சினன்.

மனைவிக்கு ஒரே தம்பி. போன சீசன் முடிகிற நேரத்தில் போட்ட கடை. அதற்கு முன்பு அந்தக் கரையில் கடையும் இல்லை, அவர் கணக்கில் அந்தக் கரையும் இல்லை. இந்தத் தடவை படகு வராவிட்டால் சாத்திவிட்டு ஊரைவிட்டுப் போவதுதான் என்று உறவுக்குள் பேச்சு. வீட்டில் சிபாரிசு பலமோ என்று கேட்டேன். அதுதான் இல்லையாம். "கேட்டா முடியாதுன்னு சொல்லிடலாம். வாயே திறக்கமாட்டேங்கறா சார். சாப்பாட்டுல உப்புக்கூட சரியா இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

கடைசி நாள் வேறு வழியில்லாமல் போனோம். வழக்கத்தைவிட உஷாராக இறங்கினார். கரையை யாரும் பெருக்கியிருக்கவில்லை. பாசி ஒதுங்கிய இடத்திலேயே கிடந்தது. கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் ஒரு நாய் தூங்கியது. குனிந்து பார்த்தார். நிஜமாகவே தூங்கியது. வாடகைக்குச் சிரிக்க ஒருவரும் இல்லை. வளைந்து போகும் கரையும், அவசரமில்லாமல் அதில் ஏறி இறங்கும் தண்ணீரும்தான்.

மச்சினன் கடையைவிட்டு வெளியே வரவில்லை. "வாங்க அத்தான், அக்கா சௌக்கியமா?" என்று உள்ளேயிருந்து கேட்டதோடு சரி. எனக்கு ஒரு டீ கொடுத்தான். அத்தானுக்கு இல்லை. அத்தான் பார்த்த பார்வைக்குக் கிளாஸைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னான்.

"குடுத்தா லஞ்சம்பீங்க. குடுக்கலன்னா மரியாதை தெரியாதவன்பீங்க. ரெண்டாவதுல திட்டோட போயிடும்."

ஸ்டார் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தார். மூக்குக் கண்ணாடியைத் தொலைத்தவர்போலக் குற்றத்தைத் தேடினார். கிடைக்கவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது. முதலிடம் கொடுத்தால், மச்சினனுக்குப் படகு விட்டவர் என்று ஊர் சிரிக்கும். கொடுக்காவிட்டால், இருப்பதிலேயே நல்ல கரையை அவரே அமுக்கியதாக ஆகும். என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சார், நீங்க சொல்லுங்க. இது நெஜமாவே நல்லா இருக்கா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதா?"

சுற்றிய கரைகளிலேயே இதுதான் நல்ல கரை என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவர் என் கையைப் பார்த்தார். "நீங்க டீ குடிச்சிட்டீங்க," என்றார்.

அதற்குப் பிறகு என்னிடம் ஆலோசனை கேட்கவில்லை. குடையை மடக்கினார். கொஞ்சம் தயங்கி, கடைக்கு முதுகைக் காட்டி, மெல்லத் திரும்பிக் கடலைப் பார்த்து நின்றார். ஒரு சின்ன அலை வந்து ஷூ நுனியை முகர்ந்துவிட்டுப் போனது. பின்வாங்கவில்லை. அடுத்ததற்கும் அங்கேயே நின்றார்.

"மச்சினன் பாக்கறானா சார்?" என்று கேட்டார், தலையைத் திருப்பாமலே.

கிளாஸ் கழுவுகிறான் என்றேன்.

குனிந்து, வலது ஷூவின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.