என் மகனின் வலது காது

போன மே மாதம் என் மகன் ஜெனோவின் வலது காதைக் கெடுத்தவன் நான்தான். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்ல வேண்டும் என்று என் மனைவி ரீத்தா கறாராகச் சொல்லியிருக்கிறாள்.

தூத்துக்குடியில் தலைமுறையாகச் சங்கு குளிக்கிற குளியாளிக் குடும்பம் எங்களுடையது. பிள்ளைகளைச் சிறு வயதிலேயே கடலில் இறக்கிவிடுவோம். முதல் தடவை காதில் ரத்தம் வந்தால், 'காது திறந்துவிட்டது' என்போம். இனி எந்த ஆழமும் அவனை ஒன்றும் செய்யாது என்று நம்பிக்கை. பதினோரு வயது ஜெனோ, லீவு விட்ட மூன்றாம் நாள், காதைப் பொத்திக்கொண்டு மேலே வந்தான். விரலெல்லாம் ரத்தம்.

"ஏலே, ஒம் மவன் குளியாளி ஆயிட்டாம்ல!" என்று வள்ளத்தில் ஒரே கூச்சல். பிள்ளை அழுகிறான், நான் மடையன் மாதிரி சிரிக்கிறேன். மறுநாளும் இறக்கினேன்.

இரண்டு வாரத்தில் சீழ், காய்ச்சல். வலது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பவில்லை.

"பிள்ளைக்குக் காது கேக்கலங்க. ஒங்க வீம்புக்கு அவனா கெடச்சான்?" என்று ரீத்தா அழுதாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் காதைப் பார்த்துவிட்டு என் காதையும் பார்த்தார்.

"திறக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. சவ்வு கிழிஞ்சிருக்கு. ஒங்களுக்கும் இப்படித்தான் எடது காது போயிருக்கு. மருந்து தாரேன், தண்ணி படக்கூடாது. மூணு மாசத்துல மூடலைன்னா ஆபரேஷன்தான்."

எனக்கு இடது பக்கம் கேட்காது என்பது தெரியும். தொழில் என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். அன்று கோயில் வாசலில் மாதா சுரூபம் இருக்கிற கெபி முன்னால் முழங்காலில் விழுந்தேன். "தாயே, அறியாமல் செய்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அவன் அழுததைப் பார்த்தேனே. அவனுக்குக் காதைத் தாரும். இனி அவனைக் கடலில் இறக்க மாட்டேன்." தினமும் ஜெபமாலை சொன்னோம். சொட்டு மருந்து ஒருவேளைகூடத் தவறவில்லை.

ஆகஸ்டில் டாக்டரம்மா சிரித்தார். ஓட்டை மூடிவிட்டது, காதும் கேட்கிறது என்றார். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் ஓவென்று அழுதேன்.

அன்பானவர்களே, உங்கள் பிள்ளைகளையும் மாதாவிடம் ஒப்படையுங்கள்; டாக்டரிடமும் காட்டுங்கள். தொழில் எங்கும் ஓடிவிடாது, வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

போன ஞாயிறு பூசையில் சாமியார் ரொம்பத் தாழ்ந்த குரலில் பிரசங்கம் வைத்தார். ஜெனோ என் பக்கம் சாய்ந்து, "அப்பா, ஒங்களுக்குக் கேக்கா? நான் சொல்லட்டா?" என்றான். பிரசங்கம் முடியும்வரை ஒரு வரி விடாமல் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான்.