சந்தனம் பட்ட பிளக்

ஹட்டனில் எனக்கு ஒரு சின்னக் கடை. மோட்டார் வைண்டிங் செய்கிறேன். லொறி ஸ்டார்ட்டர், தண்ணீர் பம்பு, கிரைண்டர், எது கருகினாலும் என்னிடம் வரும். தலைமுடியைவிட மெல்லிய கம்பியைக் கை நடுங்காமல் சுற்றுவேன். கேட்காதவர்களிடமும் இதைச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. அந்தத் தம்பட்டம்தான் என் மச்சினனின் பிழைப்பில் மண்ணைப் போட்டது.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவன். கட்டாருக்குக் கட்டட வேலைக்குப் போனான். அங்கே மாதிரி விமானம் பறக்கவிடும் பணக்காரர்களின் மைதானத்தைக் கூட்டிப் பெருக்கப் போய், கடைசியில் அவர்களுடைய ஜெட் எஞ்சின்களையே கழற்றிப் பூட்டுகிற ஆளாகிவிட்டான். மாதிரி என்றால் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். எஞ்சின் உரிக்காத தேங்காய் அளவுதான் இருக்கும். ஆனால் பெரிய விமானத்தில் உள்ளது போலவே உள்ளே விசிறி, நெருப்பு, சத்தம் எல்லாம் உண்டு. மண்ணெண்ணெயில் ஓடும்.

ஆறு வருடம் கழித்து லீவில் வந்தான். வாசலில் பெட்டியை இறக்கும்போதே அவன் மகள், "எத்தனையாந் தேதி போவீங்க?" என்றுதான் கேட்டாளாம். அதை என்னிடம் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவனுக்கு ஊரிலேயே தங்க ஒரு வழி பிறந்தது. நானுஓயாவுக்குப் பக்கத்தில் தோட்ட நிர்வாகியாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு துரை, தன் பங்களாவை ஹோட்டலாக்கி நடத்திக்கொண்டிருந்தார். அவரிடம் அப்படி ஒரு எஞ்சின் பல வருடமாகச் சும்மா கிடந்தது. மச்சினனைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டனுப்பினார். எஞ்சினை அவர் கண் முன்னால் ஓட்டிக் காட்டினால் ஹோட்டலின் ஜெனரேட்டரையும் பொயிலரையும் பார்த்துக்கொள்ளும் வேலை, குடும்பத்தோடு இருக்க ஒரு வீடு. ஓடாவிட்டால் பழையபடி கட்டார். மச்சினன் விஜயதசமி அன்று வருவதாகச் சொன்னான். தொட்டது துலங்கும் நாள் அல்லவா?

அந்த எஞ்சினை எழுப்புவதற்கு ஒரு பிளக் வேண்டும். விரல் நுனி அளவுதான். அதன் வாய்க்குள் ஒரு சுருள் கம்பி இருக்கும். சின்ன பெட்டரியில் தொடுத்தால் கம்பி பழுக்கும். அதில் அடுப்புக் கேஸ் பட்டால் 'பொப்' என்று பற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் மண்ணெண்ணெய். ஆனால் கடையில் வாங்கிய பிளக்கை அப்படியே பூட்டினால் பற்றாது. கம்பி குழிக்குள் உட்கார்ந்திருக்கும், கேஸ் அதைத் தொடாமலே கடந்து போய்விடும். ஊசியால் சுருளில் இரண்டு சுற்றை வெளியே இழுத்துவிட வேண்டும்.

மச்சினன் கட்டாரிலிருந்து எட்டு பிளக் கொண்டுவந்திருந்தான். இரண்டு பேரும் என் கடை மேசையில் உட்கார்ந்து தெரிந்தெடுத்தோம். வாய்க்குக் குறுக்கே தகடு வைத்த மூன்றை முதலிலேயே ஒதுக்கினான். அதில் கம்பியை இழுக்க முடியாது. மிச்சத்தைப் பெட்டரியில் தொட்டுப் பார்த்தோம். ஒன்று நுனியில் மட்டும் சிவந்தது. ஒன்று பழுக்கவே யோசித்தது. ஒன்றில் சுருளின் அடி இளகியிருந்தது. அடி முதல் நுனி வரை ஒரே மாதிரி ஆரஞ்சு நிறத்தில் பழுத்த இரண்டை எடுத்துக்கொண்டோம். ஒன்று பூட்ட, ஒன்று கைக்காவலுக்கு.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊசியால் நான்தான் இழுத்தேன். விளிம்பில் படாமல், சுற்றோடு சுற்று ஒட்டாமல், கம்பி பூ மாதிரி எழும்பி நின்றது.

"அத்தான், கட்டார்ல ஒருத்தனுக்கும் இப்புடி வராது" என்றான்.

எனக்குத் தலை கால் புரியவில்லை.

"இனி அதத் தொட்றாதீங்க அத்தான். ஒரு சுத்து இன்னொன்னுல ஒட்டுனா அம்புட்டுத்தான். பொறப்படுறதுக்கு முன்ன ஒருக்கா பெட்டரில போட்டுப் பாத்துட்டுக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டு லயத்துக்குப் போனான்.

மறுநாள் ஆயுத பூசை. கடையில் உள்ள குறடு, சுத்தியல், ட்ரில், மீட்டர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து அடுக்கினோம். மனைவி ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தாள். பிளக் இரண்டையும் ஒரு வெற்றிலையில் நிறுத்தி நான்தான் அவள் முன்னால் நீட்டினேன்.

"இதுக்கும் வையி. ஒன் தம்பி பொழப்பே இதுலதான் இருக்கு."

அவள் பக்தியோடு வைத்தாள். அவ்வளவு சின்னச் சாமானில் பொட்டு வைக்க வேறு இடமேது? சந்தனம் வாய்க்குள் இறங்கிக் கம்பியில் அப்பிக்கொண்டது. நான் பார்த்தேன். பார்த்தும், பூசைக்கு வைத்ததை மறுநாள் பூசை முடியாமல் எடுக்கக் கூடாது, காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் சந்தனம் சிமெந்து மாதிரி இறுகியிருந்தது. கார்ப்ரேட்டர் கழுவுகிற மாதிரி பெற்றோலில் நனைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இரண்டையும் தேய்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது கம்பி நன்றாகத்தான் தெரிந்தது. வாசலில் துரை அனுப்பிய வேன் ஹோர்ன் அடித்தது. பெட்டரி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அரை நிமிட வேலை. நான் செய்த வேலைக்கு எதற்குச் சோதனை என்று பிளக்குகளை, ஒதுக்கியவையும் கிடந்த பெட்டிக்குள் போட்டுக்கொண்டு ஏறிவிட்டேன்.

துரை பங்களாப் புல்வெளியில் மேசை போட்டு எஞ்சினை இறுக்கியிருந்தார்கள். நல்ல குளிர். குளிரில் கேஸ் மந்தமாக வரும் என்று மச்சினன் கேஸ் டின்னைச் சுடுதண்ணீரில் வைத்திருந்தான். பிளக்கைப் பூட்டினான். விசிறியைச் சுற்றவிட்டுக் கேஸைத் திறந்தான். 'பொப்' வரவில்லை. மூடிவிட்டு மறுபடி செய்தான். அப்போதும் இல்லை.

என்னைத் திரும்பிப் பார்த்தான். "அத்தான், பிளக்கப் பெட்டரில போட்டுப் பாத்தீங்கதானே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் கோபித்திருக்கவும் மாட்டான். கழற்றிப் பார்த்திருப்பான், ஒதுக்கி வைத்ததில் ஒன்றையாவது இழுத்துப் பூட்டியிருப்பான். துரை பக்கத்தில் கை கட்டி நின்றார். அவர் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது.

"பாத்தேன். சூப்பரா எரிஞ்சிச்சி" என்றேன்.

என் சொல்லை அவன் சந்தேகிக்கவில்லை. அப்படியானால் குறை கேஸில்தான் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் திறந்தான். கேஸ் எஞ்சின் வயிற்றுக்குள் சேர்ந்தது. எங்கேயோ ஒரு மூலையில் கம்பி பழுத்திருக்க வேண்டும். 'டமார்' என்றது. பின்பக்கத்தால் ஒரு ஆள் நீளத்துக்கு நெருப்பு பாய்ந்தது. முன்பக்கத்திலும் அடித்து, குனிந்திருந்த மச்சினனின் புருவத்தைப் பொசுக்கியது. தோட்டக்காரர் நனைந்த சாக்கோடு ஓடி வந்து அணைத்தார். எஞ்சினின் முன்பகுதி உருகிப் போயிருந்தது.

துரை சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்து அவருடைய தோட்டத் தமிழில், "என்ன நடந்தது? கேஸ் கூடிப் போச்சா?" என்று கேட்டார். உண்மை சொல்ல எனக்கு இரண்டாவது முறையும் இடம் கிடைத்தது.

"கொஞ்சம் கூடிருச்சி சேர்" என்றேன்.

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். "எம் பெழதான் சேர்" என்றான்.

அவன் முகம் கழுவப் போன நேரத்தில் நான் பிளக்கைக் கழற்றினேன். கம்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றோடு சுற்று ஒட்டியிருந்தது. இடுக்கில் கருகிய சந்தனம். இரண்டாவது பிளக்கும் அப்படித்தான் சாய்ந்திருந்தது. இரண்டையும் சட்டைப் பையில் போட்டேன். திரும்பி வரும்போது ரயிலில் அவன் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். தலவாக்கலை தாண்டியதும் ஜன்னலால் இரண்டையும் தேயிலைக்குள் வீசினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த ஆள் நான்தான்.

அடுத்த மாதமே அவன் கட்டாருக்குப் போய்விட்டான். அவனை வழியனுப்ப நான் போகவில்லை. அவசர வேலை என்று கடைக்குள் சும்மா உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் சந்தனம் வைத்த மனைவியின் மனசு நோகும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அவள் மீது என்ன பிழை? பொட்டு வைக்கச் சொன்னது நான். தேய்த்தது நான். பார்க்காமல் பார்த்தேன் என்றது நான். அவன் மகளை டிக்கோயா பஸ்ஸில் பள்ளிக்கூட உடுப்போடு பார்க்கிற போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, சோறே இறங்கவில்லை.

போன தீபாவளிக்கு முதல் நாள் அவன் வட்ஸ்அப்பில் கூப்பிட்டான். மனைவி முறுக்குச் சுட்டுக்கொண்டே போனை மாவு டின்னில் சாய்த்து வைத்திருந்தாள். சுகம் விசாரித்த பிறகு நான் அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"டேய், அன்னைக்கு பெழ ஒன்னோடது இல்ல. பிளக்க நான் டெஸ்ட் பண்ணவே இல்ல. கழட்டிப் பாத்தப்ப கம்பி ஒட்டியிருந்திச்சி. நா பொய் சொன்னேன்."

அவன் சிரித்தான்.

"அக்கா சொல்லச் சொன்னுச்சா?"

"சத்தியமா இல்லடா."

"நீங்க இழுத்தத நா கண்ணால பாத்தவன் அத்தான். நல்லா இருந்த கம்பி எப்புடி ஒட்டும்?"

மனைவி முறுக்குக் குழலைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் சந்தனம் என்ற சொல்லைச் சொல்லாமல் முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"பேச்சில்ல பாத்தீங்களா? சரி, அந்த பிளக்கு இருந்தாக் காட்டுங்க."

காட்ட என்னிடம் என்ன இருக்கிறது?

"விடுங்க அத்தான். எனக்காகப் பழிய ஏத்துக்கப் பாக்குறீங்க. தொறந்தது என் கை. இங்க புதுசா வேலைக்கி வர்றவனுக்கெல்லாம் மொதல்ல எங் கதையத்தான் சொல்லுவேன். கேஸ அவசரப்பட்டுத் தொறக்காதீங்கடா, நா அப்புடித்தான் ஊர்ல கெடச்ச வேலையத் தொலைச்சேன்னு."

அவன் போனை வைத்துவிட்டான். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒங்க மனசு யாருக்கு வரும்ங்க" என்று சொல்லி, அந்த ஈட்டின் முதல் முறுக்கை எடுத்து என் கையில் வைத்தாள்.

நான் அதைத் தின்றேன்.