கூரையை வெட்டியது யார்?

“ரொம்ப அழகா இருக்கும்மா. சரி, இதைச் செஞ்சவர் எங்கே?”

போன மார்கழியில், தியாகராய நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். அதனால் மாடல் செய்கிறவர்களின் சங்கம் ஒன்று அந்த மாதத்தில்தான் தன் கண்காட்சியையும் போட்டியையும் வைக்கும். பந்திக்கு இலை போடும் நீள மேஜைகளில் வெள்ளைத் தாள் விரித்து, கையகல விமானங்கள், கப்பல்கள், கார்கள் என்று வரிசையாக வைத்திருந்தார்கள். கேட்டவர் நடுவர்களில் மூத்தவர். செய்த நான் அவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் கண்ணோ எனக்குப் பின்னால் நின்ற அண்ணன்மேல் இருந்தது.

அண்ணன் கால் டாக்சி ஓட்டுகிறவன். பெட்டியைக் குலுங்காமல் கொண்டுவர வேண்டும் என்பதற்காக அன்று சவாரியை விட்டுவிட்டு வந்திருந்தான். “என்னியா கேக்குறீங்க? நான் பொட்டி தூக்கினு வந்தவன் சார். கார் தங்கச்சியோடது” என்றான்.

நடுவர் சிரித்தார். அடக்கத்துக்காகச் சொல்கிறான் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

என் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹாட் ராட் என்று அமெரிக்காவில் ஒரு வகை உண்டு. தாத்தா காலத்துக் காரை வாங்கி, கூரையை வெட்டித் தாழ்த்தி, அதற்குச் சம்பந்தமே இல்லாத பெரிய இன்ஜினை உள்ளே வைத்து ஓட்டுவார்கள். அதன் சின்ன உருவம் பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வரும். நாம் ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்து எடுக்க வேண்டும். பாண்டி பஜாரில் ஒரு பொம்மைக் கடையின் மேல் அலமாரியில் மூலை நசுங்கிக் கிடந்த அப்படி ஒரு பெட்டியைத்தான் முதலில் வாங்கினேன். அட்டையில் இருந்த படத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் அப்பா ஓட்டியது மீன்பாடி வண்டி. மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பூட்டி, மயிலாப்பூர் சந்துகளில் சிமென்ட் மூட்டையும் மர பீரோவும் ஏற்றிப் போவார். ஒரு வண்டிக்குள் இன்னொரு வண்டியின் இன்ஜின் துடிப்பது எனக்குப் புதிதல்ல.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கியதும் நான்தான். நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் இந்தக் கார்களுக்கு.

போட்டிக்குக் கொண்டுபோன காரில் நான் அதிகம் பாடுபட்டது கூரைக்குத்தான். கண்ணாடிகளுக்கு இடையே கூரையைத் தாங்கும் சின்னக் கால்களை அறுத்து, கொஞ்சம் உயரத்தை எடுத்துவிட்டு, கூரையைக் கீழே இறக்க வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் அந்தக் கால்கள் நேராக நிற்பதில்லை. முன்கால் பின்பக்கமும் பின்கால் முன்பக்கமும் சாய்ந்திருக்கும். கூரையை இறக்கினால் அது நீளம் பத்தாமல் நடுவில் தொங்கும், எந்தக் காலோடும் சேராது. கூரையையே குறுக்கே இரண்டாக அறுத்து, நடுவே ஒரு பட்டை வைத்து நீட்ட வேண்டும். இது தெரியாமல் இரண்டு கார்களை நாசம் பண்ணினேன். மூன்றாவதில் வந்தது. பிறகு பெயின்ட். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஸ்பிரே பெயின்ட் காய்வதற்குள் பனி படர்ந்ததுபோல் வெளுத்துவிடும். அதனால் சித்திரை வெயிலில், உச்சி நேரத்தில், மொட்டை மாடியில் நின்று அடித்தேன். அப்போதுதான் அந்தக் கருஞ்சிவப்பு கண்ணாடி மாதிரி நின்றது.

“செய்தது நான்தான் சார்” என்றேன்.

“நீ பெயின்ட் அடிச்சியா?”

“எல்லாமே நான்தான். கூரையை வெட்டினதும்.”

அவர் காரை இப்படியும் அப்படியும் திருப்பினார். “இந்த மாதிரி ரெடியா செஞ்சு ஆன்லைன்ல விக்கறாங்கம்மா. நாங்க ஜாக்கிரதையா இருக்கணும் இல்லையா?”

கைப்பேசியில் வைத்திருந்த படங்களைக் காட்டினேன். அறுக்காத கூரை, அறுத்த கூரை, நடுவே பட்டை வைத்த கூரை. எல்லாவற்றிலும் என் விரல்கள் இருந்தன. கூரை வெட்டிய வாரம் சித்தி மகள் கல்யாணம். உள்ளங்கையெல்லாம் மெஹந்தி.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “கைதானே தெரியுது. யார் கையா வேணா இருக்கலாமே” என்றார்.

“சார், நான் மெஹந்தி வச்சிக்கினு டாக்சி ஓட்டுனா எவன் சார் ஏறுவான்?” என்றான் அண்ணன். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

நடுவர் சிரிக்கவில்லை. “போட்டோவுக்குக் கை வைக்கறது ஒரு பெரிய விஷயமா தம்பி?” என்றவர், என் கார் முன்னால் இருந்த போட்டி அட்டையை எடுத்துவிட்டு ‘காட்சிக்கு மட்டும்’ என்ற அட்டையை வைத்தார். காட்சிக்கு மட்டும் என்றால் யாரும் மதிப்பெண் போட மாட்டார்கள். கார் இருக்கும், அதைச் செய்த ஆள் இருக்க மாட்டாள்.

எனக்குக் காது சுட்டது. பக்கத்து மேஜையில் ஒரு போர் விமானம் வைத்திருந்தவரைப் பார்த்து, “சார், உங்ககிட்ட போட்டோ கேட்டாங்களா?” என்றேன். அவர் சாந்தோம் பக்கம் பள்ளி ஆசிரியராம். தர்மசங்கடமாக நெளிந்தார். “இல்லம்மா. என்னை யாரும் எதுவும் கேக்கல” என்றார்.

“அவரை எங்களுக்குத் தெரியும்மா” என்றார் நடுவர்.

“என்னைத் தெரிஞ்சுக்கத்தானே சார் போட்டி?”

அவர் அடுத்த கார் பக்கம் திரும்பினார். அப்போதுதான் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. “ஒரு கார் பாடி குடுங்க. இங்கேயே வெட்டிக் காட்டறேன்.”

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆசிரியர் தன் பையைக் குடைந்து, எதற்காவது உதவும் என்று வைத்திருந்த பழைய காரின் மேற்கூடு ஒன்றையும், பல் தெரியாத அளவுக்கு மெல்லிய ரம்பத்தையும், டேப், பசை, பிளாஸ்டிக் பட்டையையும் எடுத்துக் கொடுத்தார். அவர் மேஜை ஓரத்தில் உட்கார்ந்தேன். அண்ணன் எனக்கும் கூட்டத்துக்கும் நடுவே கையை விரித்து நின்றுகொண்டான். “தள்ளி நில்லுங்க நைனா, காத்து வரட்டும். ஆப்பரேசன் நடக்குது.”

கால்களைச் சுற்றி டேப் ஒட்டி அளவு குறித்தேன். பின்கால்களை முதலில் அறுத்தேன். முன்கால்களை முதலில் அறுத்துவிட்டால் கூரை ஆடும், கோடு கோணும். கோபம் வந்தால் என் கை இன்னும் நிதானமாகிவிடும். கூரையைக் கழற்றி, குறுக்கே அறுத்து, பிளாஸ்டிக் பட்டையைச் செருகி, திரும்ப ஏற்றினேன். நாலு கால்களும் போய் அததன் இடத்தில் உட்கார்ந்தன. யாரோ கை தட்டினார்கள்.

நடுவர் குனிந்து பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். “பரவாயில்லையே” என்றார். பிறகு, “யாரு சொல்லிக் குடுத்தா?” என்று கேட்டார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு இப்போது சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை. கண் முன்னால் செய்து காட்டிய பிறகும், என் கைக்குப் பின்னால் வேறு யாரோ ஒருவர் தேவைப்பட்டார் அவருக்கு.

“நான் உடைச்ச ரெண்டு கார் சொல்லிக் குடுத்தது சார்” என்றேன்.

போட்டி அட்டை என் காரிடம் திரும்ப வந்தது. ஆனால் நான் ரம்பமும் கையுமாக உட்கார்ந்திருந்த நேரத்தில் மற்ற நடுவர்கள் கார் மேஜையைச் சுற்றிவந்து மதிப்பெண் போட்டு முடித்துவிட்டார்கள். என் கார் முன்னால் அப்போது ‘காட்சிக்கு மட்டும்’ அட்டை இருந்ததால் அதைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதாம்.

கதை இதோடு முடிந்திருந்தாலும் பொறுத்திருப்பேன். பரிசளிப்பில், பொதுப் பிரிவில் வென்றவர்களுக்கு பெயின்ட் அடிக்கும் கருவிகளும் புதுப் பெட்டிகளும் கொடுத்தார்கள். கடைசியில், அதுவரை யாரும் கேள்விப்படாத ‘மகளிர் ஊக்கப் பரிசு’ என்று ஒன்றை மைக்கில் அறிவித்து, என்னை மேடைக்கு அழைத்தார்கள். போட்டியில் இருந்த ஒரே பெண் நான். பரிசு ஒரு சுடிதார் துணி. வாசலில் இறங்கினால் துணிக்கடை என்கிற ஊரில் யாரையோ ஓடவிட்டு வாங்கி வந்திருக்கிறார்கள். பையில் கடை வாசனை இன்னும் இருந்தது.

“பொதுப் பிரிவுல என் காரைப் பாத்தீங்களா சார்?” என்று, துணியை நீட்டிய அந்த மூத்த நடுவரிடம் மேடையிலேயே கேட்டேன்.

“டைம் ஆயிடுச்சேம்மா. அடுத்த வருஷம் பாக்கலாம். இது உன்னை என்கரேஜ் பண்றதுக்கு.”

துணியை அவர் மேஜைமேல் திரும்ப வைத்தேன். கத்தவில்லை, கும்பிட்டுவிட்டு இறங்கினேன். காரைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனின் டாக்சியில் திரும்பினேன். பனகல் பூங்கா தாண்டியதும், “துணி நல்லாத்தான் இருந்திச்சி. அம்மாவுக்காச்சும் ஆயிருக்கும்” என்றான்.

“அண்ணா, வாயை மூடிட்டு ஓட்டு.”

“சரி, அத்த உடு. ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காத. ரோட்ல போலீஸ் நிறுத்துனா எல்லார்கிட்டயும்தான் லைசென்சு கேப்பான். என்கிட்ட மட்டும் கேட்டா நான் ஏன்னு கேப்பேன். நீ இன்னாத்துக்கு வெட்டிக் காட்டுன?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தக் கேள்வி அன்று நடந்த எல்லாவற்றையும்விடச் சுட்டது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தபோது, “யாரைப் பாத்து எழுதினே?” என்றார்கள். அவர்கள் கண் முன்னால் இன்னொன்று எழுதிக் காட்டினேன். கல்லூரியில் சேர்ந்தபோதும், வேலைக்குப் போன முதல் மாதத்திலும் இதே கதைதான். ஒவ்வொரு முறையும் செய்து காட்டி ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எதையும் காட்டாமலே உள்ளே போனார்கள் என்பதை அன்றுவரை நான் கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை. அந்த மண்டபத்தில் நான் நிரூபித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் போட்டி நடந்து முடிந்தது. திறமை இருக்கிறவளை வெளியே நிறுத்த இதைவிட மரியாதையான வழி வேறு இல்லை.

வெட்டிக் காட்டியதற்காக எனக்கு வெட்கமில்லை. அது நல்ல வெட்டு. ஆனால் எனக்கு மட்டும் வைக்கிற சோதனைக்கு இனி நான் உட்கார மாட்டேன் என்பது அன்று அந்த டாக்சியில் முடிவானது. அடுத்த மார்கழிப் போட்டிக்கு, பொதுப் பிரிவில், என் பெயரைக் கொடுத்துவிட்டேன். கூடவே சங்கத்துக்கு எழுதியும் போட்டுவிட்டேன்: சோதனை வைப்பதானால் போட்டியாளர்கள் எல்லோருக்கும் வையுங்கள், நான் முதல் ஆளாக ரம்பத்தோடு வந்து உட்காருகிறேன், பக்கத்து நாற்காலியில் நடுவரும் உட்காரட்டும்.