ஏகாம்பரண்ணன் பிடித்த காற்று

திருப்பதிக்கு வண்டி கேட்டு வந்த ஒரு குடும்பத்தோடு நான் வாடகை பேசிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. நம் ஸ்டாண்டில் வண்டி ஓட்டும் செல்வராஜ் சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். "தனபாலு, ஏகாம்பரண்ணன் பூட்டாருய்யா. காப்பி குடிச்சிகினு இருந்தவரு அப்டியே சாஞ்சிட்டாரு" என்றார். அந்தக் குடும்பம் அப்புறம் என்ன சொன்னது, எப்போது எழுந்து போனது, ஒன்றும் எனக்கு நினைவில்லை. மடங்காத இடது காலை இழுத்துக்கொண்டு அவருடைய பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. என் அப்பா செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

உத்திரமேரூர் டாக்ஸி ஸ்டாண்டில் அவரைத் தெரியாதவர் யாருமில்லை. சங்கத்தின் சார்பில் அச்சடித்துக் கொடுக்க அவருக்கு ஓர் அஞ்சலி எழுதித் தரும்படி நீங்கள் கேட்டீர்கள். காரியத்துக்கு முதல் நாள் கேட்டிருந்தால் உட்கார்ந்த இடத்தில் எழுதித் தந்திருப்பேன். காரியத்தன்று ஒரு விஷயம் என் காதில் விழுந்தது. ஏகாம்பரண்ணன் என்னை ஏமாற்றியிருக்கிறார். உங்களையும்தான். செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பீர்கள். சித்திரை பிறந்துவிட்டது. உங்களில் முக்கால்வாசிப் பேர் முன்சக்கரத்தில் ரீட்ரெட் டயரைப் போட்டுக்கொண்டு முகூர்த்த ஆட்களை ஏற்றி ஓடுகிறீர்கள். அவர் சொன்னார் என்ற ஒரே காரணத்துக்காக ஓடுகிறீர்கள். அதனால் எழுதித்தான் ஆக வேண்டும்.

முதலில் அவர் எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்லிவிடுகிறேன். லாரி ஓட்டி அலுத்துப்போய், ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை போட்டவர். தினமும் காலையில் நம் வண்டிகள் வரிசையாக அவர் கடை முன்னால் நிற்கும். அவரே குந்தி உட்கார்ந்து நாலு சக்கரத்துக்கும் காற்று பிடிப்பார். "இன்ஜின் கெட்டா வண்டி நிக்கும். டயர் கெட்டா நீ நிக்கமாட்ட" என்று அவர் சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அவர் பிடித்த காற்றை இன்னொருவர் மீட்டர் வைத்து அளப்பது, அவரைத் திருடன் என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். வந்தவாசியிலிருந்து வந்த ஒரு டிரைவர் தெரியாத்தனமாகத் தன் மீட்டரை எடுத்து வால்வில் வைத்துவிட்டார். நம் ஆட்கள் அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார்கள். அந்த மனிதர் கடைசியில் டீ வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஊர் போய்ச் சேர்ந்தார். அவ்வளவு நம்பிக்கை நமக்கு. கோயில் பிரசாதத்தை முகர்ந்து பார்த்தா வாங்குகிறோம்?

அவர் மருமகன் முருகேசன் ராஜகுளத்தில் ரீட்ரெட் பட்டறை திறந்த கோடையில்தான் அந்தச் சண்டை வந்தது. தேய்ந்து மொட்டையான டயரைச் சுரண்டி, மேலே புது ரப்பரை ஒட்டி, அச்சில் வைத்து வேகவைத்துத் தருவதுதான் ரீட்ரெட். விலை புது டயரில் பாதிகூட இல்லை. நான் கம்பெனி டயர் கட்சி. வெயிலில் ஒட்டுப்போட்ட ரப்பர் உரிந்து வரும், உள்ளே இருக்கும் பழைய டயர் எத்தனை ஊர் பார்த்ததோ யாருக்குத் தெரியும் என்று கத்தினேன். அவர் சிரித்தார். "இன்னாடா, பேருக்கு துட்டு குட்த்துகினு கீற. காத்த நம்பு, பேர நம்பாத. உன் வண்டிலயே போட்டுப் பாத்துடலாம், வா" என்றார்.

பார்த்தோம். என் அம்பாசிடரில் இடது முன்சக்கரத்துக்கும் வலது பின்சக்கரத்துக்கும் ரீட்ரெட். மற்ற இரண்டுக்கும் புத்தம்புதுக் கம்பெனி டயர். ஒரே வண்டி, ஒரே ரோடு, ஒரே பாரம். இதைவிட நியாயமான போட்டி உண்டா? சித்திரை, வைகாசி முழுக்க ஓட்டினேன். காஞ்சிபுரத்துக்கு முகூர்த்த ஆட்கள், செங்கல்பட்டுக்கு ஆஸ்பத்திரி ஆட்கள், கல்வெட்டு பார்க்க மெட்ராஸிலிருந்து வந்த தொப்பிக்காரர்கள் என்று ஓய்வே இல்லை. உச்சி வெயிலில் தார் இளகிக் கிடக்கும் ரோட்டிலிருந்து திரும்பி வந்ததும் ஸ்டாண்டே என் வண்டியைச் சுற்றி நிற்கும். ஒவ்வொருவராகப் புறங்கையை டயரின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். ரீட்ரெட் வெதுவெதுப்பாக இருக்கும். கம்பெனி டயரில் கை வைக்க முடியாது.

வண்டி வலது பக்கமாகவே இழுத்தது. அதை அவரிடம் சொன்னேன். "கம்பெனி டயரு மெத்துன்னு கீதுடா. அப்டித்தான் இய்க்கும்" என்றார். கோடை முடிவில் டயர்களைக் கழற்றிப் பார்த்தால், கம்பெனி டயரில் இரண்டு ஓரமும் வழித்துவிட்டது போலத் தேய்ந்திருந்தது, நடுவில் ரப்பர் மேடு, பட்டன் என்போமே, அது அப்படியே இருந்தது. அதைத் தூக்கிப்பிடித்து எல்லோருக்கும் காட்டினார். "பாத்துக்கங்கடா, கம்பெனி ரப்பரோட லட்சணத்த!" ஸ்டாண்டே கைதட்டியது. நான் தோற்றேன். தோற்றவனுக்கு மரியாதை வேண்டும் என்று சொல்லி, அடுத்த கோடைக்கு என் வண்டிக்கு நாலு ரீட்ரெட்டையும் அவரே தன் கையால் மாட்டிவிட்டார்.

அந்தக் கோடையில், ஒரு மத்தியானம், மானாம்பதி தாண்டி இடது முன்சக்கரம் வெடித்தது. முகூர்த்தம் முடிந்து திரும்பும் ஆட்கள் வண்டியில் இருந்தார்கள். அவர்களுக்குச் சிராய்ப்போடு போனது பெரிய புண்ணியம். வண்டி புளியமரத்தில் மோதி என் இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. மேலே ஒட்டிய ரப்பர் முழுப் பட்டையாக உரிந்து ரோட்டில் கிடந்ததாம். பார்த்தவர்கள் சொன்னார்கள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நான் கிடந்த நாளெல்லாம் ஏகாம்பரண்ணன் வந்தார். கடையைப் பூட்டிவிட்டு, பஸ் மாறி, தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு வருவார். தட்டை என் கையில் தராமல் அவரே ஊட்டுவார். சொந்த அண்ணன் இருந்திருந்தாலும் அப்படிச் செய்திருக்க மாட்டான் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். ஒருநாள் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே கேட்டார். "டயர் வெடிச்சதும் இன்னாடா பண்ண? பிரேக்க மிதிச்சியா?" மிதித்தேன் என்றேன். வெடித்தால் யார்தான் மிதிக்கமாட்டார்கள்? "அதாண்டா. மிதிக்காம இருந்தா வண்டி நேராப் போயி நின்னிருக்கும்" என்றார். தலையைக் கோதிவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் தப்பால் என் வாழ்க்கையே போய்விட்டதே என்று அழுதேன்.

முழங்கால் மடங்காத ஆளால் கிளட்ச் மிதிக்க முடியாது. வண்டியை விற்றேன். ஸ்டாண்டில் மேசை போட்டு உட்காரவைத்து, வாடகை பேசும் வேலையை எனக்கு வாங்கித் தந்தவரும் அவர்தான். அதற்கு நான் நன்றியோடு இருந்தேன். ஆனால் ஸ்டாண்டுக்குப் புதிதாக ஒரு டிரைவர் வந்தால் போதும், என் முன்னாலேயே அவனிடம் சொல்வார். "டயர் வெடிச்சா பிரேக்க மிதிக்காத. தனபாலு கால் இன்னா ஆச்சின்னு பாத்துக்க." எல்லோரும் என் காலைப் பார்ப்பீர்கள். நானும் தலையாட்டுவேன். பாடம் சொல்கிறார், பிள்ளைகள் பிழைக்கட்டும் என்று நினைப்பேன். இத்தனை வருஷம் அப்படித்தான் நினைத்தேன்.

காரியத்தன்று சாப்பாடு முடிந்தது. பந்தலில் முருகேசன் வெளியூர் உறவுக்காரர்களோடு வெற்றிலை போட்டுக்கொண்டு மாமனாரின் பெருமை பேசிக்கொண்டிருந்தான். நான் பின்னால் உட்கார்ந்திருந்ததை அவன் கவனிக்கவில்லை. "மாமா மாதிரி மூளைக்காரன் யாரு கீறாங்க? பட்டற தொறந்த புதுசுல ஒரு டயரு வரல. ஈ ஓட்டிகினு இருந்தேன். நீயும் வாணாம், உன் பொண்ணும் வாணாம்னு இவளக் கொண்டாந்து உட்டுட்டேன். இவரு இன்னா பண்ணாரு தெரியுமா? ஒரு வண்டில ரெண்டு டயரையும் மாட்டி, தெனம் காலைல கம்பெனி டயருக்கு மட்டும் பத்து பவுண்டு காத்த கம்மியா உட்டாரு. சூடாவாம இன்னா பண்ணும்? ஊரே நம்மகிட்ட ஓடியாந்துச்சி!" சொல்லிவிட்டுச் சிரித்தான். யாரோ அவன் தொடையைக் கிள்ளினார்கள். அவன் திரும்பினான். நான் எழுந்து வந்துவிட்டேன்.

காற்றுக் குறைந்த டயர் ரோட்டில் நசுங்கி நசுங்கி ஓடும், சூடேறும், ஓரம் தேயும், அது இருக்கும் பக்கமாக வண்டி இழுக்கும். காற்றுப் பிடிக்கத் தெரிந்த எவருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். மூன்று அடையாளமும் என் கண் முன்னால் இருந்தன. ஆனாலும் காற்றைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை. பிடித்தது அவர் ஆயிற்றே! ஸ்டாண்டுக்கே காற்று பிடித்த கை, என் வண்டிக்கு மட்டும் பொய் சொல்லும் என்று யார் கனவு கண்டது?

முருகேசன் பெருமைக்காக அளந்துவிட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் வேண்டிக்கொண்டேன். மறுநாளே செல்வராஜ் வண்டியில் முன்பக்கம் ஒன்று கம்பெனி, ஒன்று ரீட்ரெட் மாட்டி, இரண்டுக்கும் ஒரே அளவு காற்றை நானே மீட்டர் வைத்துப் பிடித்தேன். வந்தவாசிக்குப் பாரத்தோடு போய் வெயிலில் திரும்பி வந்தார். காரணம் சொல்லாமல் அவரையே தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கம்பெனி டயரில் கையை வைத்து அப்படியே இருந்தார். ரீட்ரெட்டில் வைத்த கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "இன்னாய்யா இது, தலகீயா கீது?" என்றார்.

இதை எழுதுவதற்கு முன் ஏகாம்பரண்ணன் மனைவி கன்னியம்மா அண்ணியிடம் போனேன். முருகேசன் அனுப்பும் பணத்தில்தான் அவர் இனி இருக்க வேண்டும். இது அச்சில் வந்தால் அவருக்கும் கஷ்டம். சொல்லாமல் எழுதுவது சரியில்லை என்று பட்டது. நான் சொல்லி முடிக்கும்வரை அண்ணி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனுக்கு அப்பவே தெரியும்பா. பொண்ணு வாய்க்கைக்காகன்னு சொன்னாரு. நானும் வாய மூடிகினேன்" என்றார். அவருமா? அந்த வீட்டில் எத்தனை முறை நாஷ்டா சாப்பிட்டிருக்கிறேன்! சட்டென்று எழுந்தேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எய்து. நீ எய்தலன்னா நாளைக்கு இன்னொருத்தன் கால் பூடும். ஆனா ஒண்ணு, உனுக்கு சோறு எட்தாந்தாரே, அதப் பொய்யின்னு மட்டும் எய்திடாத. அது பொய்யில்லப்பா. அயுதுகினேதான் ஆக்கச் சொல்லுவாரு."

அதையும் எழுதிவிட்டேன். ஆனால் எனக்குக் கோபம் தீரவில்லை, அண்ணி. சோறு ஊட்டிய அதே கைதான் என் தலையைக் கோதி, தப்பு உன் மேல்தான் என்று நம்ப வைத்தது. மகளுக்காகப் பொய் சொன்னார் என்பது எனக்குப் புரிகிறது. பெண்ணைப் பெற்றவன் என்னவெல்லாம் செய்வான் என்று தெரியாதவன் இல்லை நான். ஆனால் மகள் வாழ்க்கை நேரானபிறகும் புது டிரைவர்களிடமெல்லாம் என் காலைக் காட்டிப் பாடம் நடத்தினாரே, அது யாருக்காக?

நண்பர்களே, ரீட்ரெட் டயரே ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஊருக்குள் ஓடும் வண்டிக்கு, பின்சக்கரத்தில், பழைய டயர் எப்படிப்பட்டது என்று தெரிந்து வாங்கினால் போட்டுக்கொள்ளுங்கள். கையில் இருப்பதை வைத்துத்தானே நாம் பிழைக்க முடியும். ஆனால் கோடையில் நெடுந்தூரம் பாரத்தோடு போகிறவர்கள் முன்சக்கரத்துக்கு நல்ல கம்பெனி டயர் போடுங்கள். இன்றைக்கே மாற்றுங்கள். யார் பிடித்த காற்றானாலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். நான் பிடித்திருந்தாலும் பாருங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அவருடையதாக என்னிடம் என்ன இருக்கிறது என்று சொல்லி முடிக்க வேண்டும். "தனபாலு, உன் மேல தப்பில்லடா. அந்த டயர உன் வண்டில மாட்டனவன் நான்தான்" என்று கடை வாசலில் ஒருநாள், ஒரே ஒரு தடவை, அவர் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். மாதக்கணக்கில் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். அப்புறம் ஒருநாள் போயிருப்பேன். வேறு எங்கே போவேன், எனக்கு இருந்தது அவர் ஒருவர்தானே. அவருக்குக் கொடுத்திருக்க வேண்டிய அந்த மன்னிப்பு இன்னும் என்னிடமே இருக்கிறது. கேட்காமலே போய்விட்டாரே, பாவி மனுஷன்.